தேவ கிருபையும் தெரிந்தெடுத்தலும்

(ஓட்டப்பிடாரத்தில் கூடிய நம் சங்கத்துக் குடும்பக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சர்வேசுரனுடைய கிருபையை நம்பி வாழ்தல் என்பது யாது? அவர் ஒருவரைத் தெரிந்துகொண்டார் என்பதன் பொருள் யாது? இவ்விரு வினாக்களைப் பற்றிச் சிறிது பேசத் துணிந்தோம். இவை வேதசாஸ்திரிகளுக்கு மாத்திரம் உரியவை அல்ல. வலை வெறுமையாய் வந்த நாளில் தருவைக்குளக் கரையிலும், பரீட்சையில் தவறிய பிள்ளையின் வீட்டிலும், கலியாணம் தட்டிப்போன பெண்ணின் தாயார் உள்ளத்திலும் எழுகின்றவை இவையே. ஆண்டவர் நம்மை மட்டும் ஏன் கைவிட்டார் என்று ஏங்குவார் சிலர். நாம் ஐந்நூறு ஆண்டை நெருங்கும் பழைய கிறிஸ்தவர்கள், நம்மை அவர் பிறர்க்கு முன்னமே தெரிந்துகொண்டார் என்று மார்தட்டுவார் வேறு சிலர். இரண்டும் பிழை என்பது எம் கருத்து. அதனை நம் முன்னோர் சரித்திரத்தைக் கொண்டே விளக்குவோம்.

நம் பரதவர் குலத்தார் வேதத்தில் சேர்ந்த காரணத்தை மறைப்பதில் பயனில்லை. முத்துச்சலாப உரிமையைப் பற்றிக் கடலோர முஸ்லிம் வணிகரோடு நேர்ந்த பெரும் பூசலில், போர்த்துக்கேசியரின் துணையை நாடி நம் தலைவர்கள் கொச்சிக்குச் சென்றார்கள். குதிரை வணிகர் ஜான் தெ குரூஸ் என்பார் அவர்களுக்கு வழிகாட்டினார். 1536, 1537ஆம் ஆண்டுகளில் ஏறக்குறைய இருபதினாயிரம் பேர் ஞானஸ்நானம் பெற்றனர் என்பர். உயிருக்கும் தொழிலுக்கும் அஞ்சியே அவர்கள் சென்றார்கள். இதில் கிருபை எங்கே என்று கேட்பாருண்டு. பஞ்சத்துக்கு அஞ்சி எகிப்துக்குத் தானியம் வாங்கச் சென்ற யாக்கோபின் மக்கள், தாங்கள் விற்றுவிட்ட சகோதரனாலேயே பிழைத்தார்கள் அன்றோ! மனிதன் தன் தேவைக்காகப் புறப்படுகின்றான். அவ்வழியிலேயே ஆண்டவர் எதிர்ப்படுகின்றார்.

ஞானஸ்நானம் பெற்ற நம்மவர் சில ஆண்டுகள் போதிப்பார் இன்றியே இருந்தனர். 1542ஆம் ஆண்டில் அர்ச். சவேரியார் இக்கரைக்கு வந்தார். அவர் வந்த விதம் கவனிக்கத்தக்கது. இந்தியாவுக்கென முதலில் குறிக்கப்பட்டவர் அவர் அல்லர்; பொபதில்லா என்னும் வேறொரு குரு. அவர் நோயுற்றமையால், 1540ஆம் ஆண்டில் உரோமையிலிருந்து சவேரியார் அவருக்குப் பதிலாக அவசரத்தில் அனுப்பப்பட்டார். ஒருவருடைய காய்ச்சல் நம் கரைக்கு ஓர் அர்ச்சியசிஷ்டவரைத் தந்தது.

அவருக்குப் பின் வந்த ஹென்றிக் ஹென்றிக்கசு அடிகளோ இன்னும் வியக்கத்தக்கவர். யூத குலத்திலிருந்து கிறிஸ்தவம் புகுந்த வம்சத்தில் பிறந்தார் என்ற காரணத்தால் பிரான்சிஸ்கு சபையிலிருந்து விலக்கப்பட்டவர், தேகபலமும் குன்றியவர். அவரைச் சேசுசபை ஏற்றுக்கொண்டது. அவரே தமிழைக் கசடறக் கற்று, 1578ஆம் ஆண்டில் கொல்லத்தில் தம்பிரான் வணக்கம் என்னும் நூலைத் தமிழ் எழுத்தில் அச்சிடுவித்து, அரை நூற்றாண்டுக்கு மேல் இக்கரையில் உழைத்து, 1600ஆம் ஆண்டில் உயிர்நீத்தார். பிறப்பைக் காட்டி ஒரு வாசலில் தள்ளப்பட்டவரே நம் மொழியின் அச்சுக்கலைக்கு ஆதியில் நின்றவருள் ஒருவரானார். பிறப்பால் பெருமை பேசும் நாம் இதனை மறத்தல் தகுமோ?

ஆகவே, தெரிந்தெடுத்தல் என்பது மேன்மைக்குச் சான்றன்று, ஊழியத்துக்கு அழைப்பே. இஸ்ராயேலர் எண்ணிக்கையில் மிகுந்தவர்கள் என்பதற்காக ஆண்டவர் அவர்களைத் தெரிந்துகொள்ளவில்லை என்று மோயீசன் அவர்களுக்கே எடுத்துரைத்தார். ஆபிரகாம் அழைக்கப்பட்டதும் அவர் வம்சத்துக்கு மாத்திரமன்றிச் சகல ஜாதிகளுக்கும் ஆசீர்வாதம் உண்டாகும்படியே.

இனி, எல்லாம் தேவ சித்தமாயின் நாம் முயல்வது எதற்கு என்னும் ஐயம் ஒன்றுண்டு. கிருபையும் மனிதனுடைய சுயாதீனமும் எங்ஙனம் இயைகின்றன என்பது பற்றி அர்ச். அகுஸ்தீன் காலம் முதலே மேதாவிகள் வாதித்து வந்தனர். 1588ஆம் ஆண்டில் மொலினா என்னும் சேசுசபைக் குரு எழுதிய நூலால் அச்சபையாருக்கும் தோமினிக்கு சபையாருக்கும் பெருவாதம் மூண்டது. பல ஆண்டு விசாரித்தும், 1607ஆம் ஆண்டில் ஐந்தாம் சின்னப்பர் என்னும் பாப்பரசர் தீர்ப்பொன்றும் கூறாது, ஒருவரையொருவர் கண்டனம் செய்யலாகாது என்று மட்டும் விதித்தார். மேதாவிகளுக்கே முற்றும் விளங்காத இரகசியத்தை யாம் அவிழ்க்கப் புகவில்லை. ஆனால் அதில் வாழ்வது எப்படி என்பதை நம் முத்துக்குளிகாரர் அறிந்திருந்தனர்.

குளிப்பவன் கல்லின் பாரத்தால் ஆழத்தில் இறங்குவான். சிப்பியைத் திறக்கும் வரையில் முத்து உண்டோ இல்லையோ அவன் அறியான். ஆயினும் மூழ்காதவனுக்குச் சிப்பியே இல்லை. அவன் உயிரோ மேலே தோணியில் கயிறு பிடித்திருப்பவன் கையில். அக்கயிற்றை மைத்துனனிடம் கொடுப்பதே வழக்கம் என்பர். இறங்குவது இவன் செயல். தூக்குவது அவன் செயல். கயிற்றை நம்பினேன் என்று தோணியிலேயே உட்கார்ந்திருப்பவன் நம்பினவன் அல்லன். கயிறில்லாமல் குதிப்பவன் வீரனும் அல்லன். முயற்சியும் விசுவாசமும் இவ்வாறே சேர்ந்திருத்தல் வேண்டும்.

அம்முத்தும் நம் வசத்தில் நிற்கவில்லை. 1955 முதல் 1961 வரை நடந்த சலாபத்துக்குப் பின் நம் கரையில் சலாபம் நடக்கவில்லை. 1973ஆம் ஆண்டில் அரசாங்க மீன்வள விஞ்ஞானிகள் இங்கே வளர்ப்பு முத்தை விளைவித்துக் காட்டினர் எனினும், பழைய சலாபம் திரும்பவில்லை. நம் குடும்பங்கள் அழிந்தனவா? மீன்பிடியிலும் துறைமுகத்திலும் உப்பளத்திலும் பள்ளிக்கூடத்திலும் வேறு வழிகள் திறந்தன. 1658ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் தூத்துக்குடியைப் பிடித்துக் குருக்களை அகற்றிக் கோயில்களைக் கைப்பற்றிய காலத்திலும் நம்மவர் விசுவாசத்தை விட்டாரில்லை. சலுகைக்காக வந்தார்கள் என்று இகழப்பட்டவர்களே, சலுகையெல்லாம் போன பின்னும் நிலைத்து நின்றார்கள். கிருபை வேலை செய்தது என்பதற்கு இதனினும் வேறு சாட்சி வேண்டுமோ?

அன்பர்களே! இதனைக் கேட்டுக் கலைந்து போவதில் பயனில்லை. நம் சங்கம் பிள்ளைகளுக்கு உதவிப்பணம் கொடுக்கும்போது முதல் மதிப்பெண் வாங்கினவனையே தேடுகின்றது. தவறிவிட்ட ஒருவனையும் ஆண்டுதோறும் தேடி எடுப்போமாக. சம்பந்தம் தட்டிப்போன வீட்டைக் குற்றம் பேசாதிருப்போமாக. அடுத்த குலத்துப் பிள்ளை உதவி கேட்டு நம் வாசலில் நின்றால், நாம் தெரிந்துகொள்ளப்பட்டது அவனுக்காகவும்தான் என்று நினைப்போமாக. செய்யவேண்டியதைச் செய்துவிட்டு, முடிவைக் கயிறு பிடித்திருக்கும் ஆண்டவர் கையில் விடுவோம். அவர் கை தளராது.