ஒரு கொலைக் கதையும் அதைப் படித்தவர்களும்



இன்றைய பேச்சு ஒரு துப்பறியும் நாவலைப் பற்றியது. துப்பறியும் கதை என்றாலே சிலர் முகம் சுளிப்பார்கள். வேலை இல்லாதவர்கள் படிப்பது என்பார்கள். அது சரியல்ல. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கியவரை ஒரு முழுப் புத்தகம் வரைக்கும் இழுத்துக்கொண்டு போக, கொலைக் கதையைப் போல வேறொன்று இல்லை. கொன்றது யார் என்று தெரியாமல் புத்தகத்தை மூட யாருக்குத்தான் மனம் வரும்?

நாவலின் பெயர் 'இன் த ஹீட் ஆஃப் த நைட்'. 'இரவின் புழுக்கத்தில்' என்று தமிழில் சொல்லலாம். எழுதியவர் ஜான் பால் என்ற அமெரிக்கர். அவர் வெள்ளையர். நாவல் 1965-ஆம் ஆண்டு வெளிவந்தது. அடுத்த ஆண்டே, சிறந்த முதல் நாவல் என்று எட்கர் விருது பெற்றது. மர்மக்கதை எழுதுபவர்களுக்கு அமெரிக்காவில் அது பெரிய விருது.

கதை நடக்கும் ஊர் வெல்ஸ். கற்பனை ஊர்தான். ஆனால் அமெரிக்காவின் தெற்கு மாநிலங்களில் அப்படிப்பட்ட சிற்றூர்கள் உண்மையாகவே இருந்தன. அங்கே கறுப்பின மக்களுக்கு ரயில் நிலையத்தில் தனி அறை, பள்ளிக்கூடம் தனி, தண்ணீர்க் குழாய்கூடத் தனி. சாப்பாட்டுக் கடைக்குள் அவர்கள் உட்கார முடியாது. 1964-ஆம் ஆண்டில்தான் இதைத் தடை செய்து சட்டம் வந்தது. சட்டம் வந்த மறுநாளே ஊர் மாறிவிடுமா? இந்தியாவில் தீண்டாமையை ஒழித்த அரசியல் சட்டம் 1950-இல் நடைமுறைக்கு வந்தது. அதன் பிறகும் டீக்கடைகளில் தனிக் குவளை இருந்தது. அதைப் பார்த்தவர்களுக்கு வெல்ஸ் ஊரைப் புரிந்துகொள்வது கடினமல்ல.

ஒரு கோடை இரவு. சாம் வுட் என்ற போலீஸ்காரர் காரில் ரோந்து போகிறார். நடுச் சாலையில் ஒரு பிணம் கிடக்கிறது. இறந்தவர் வெளியூரிலிருந்து வந்த இசைக் கலைஞர். அந்த ஊரில் ஓர் இசை விழா நடத்த வந்தவர். விழா நடந்தால் நாலு பேர் ஊருக்கு வருவார்கள், நலிந்த ஊரில் கொஞ்சம் பணம் புழங்கும் என்று பெரிய மனிதர்கள் நம்பியிருந்தார்கள்.

கொலைகாரன் ஊரை விட்டு ஓடுவான் என்று சாம் ரயில் நிலையத்துக்குப் போகிறார். அங்கே ஒரு கறுப்பர் தனியாக உட்கார்ந்திருக்கிறார். நல்ல உடை. பர்ஸில் நிறையப் பணம். சாமுக்கு அது போதும். ஒரு கேள்வி கேட்கவில்லை. கைது செய்து கொண்டுபோகிறார்.

காவல் நிலையத்தின் தலைவர் பெயர் கில்லெஸ்பி. 'இவ்வளவு பணம் உனக்கு ஏது?' என்று கேட்கிறார். உழைத்துச் சம்பாதித்தது என்று பதில் வருகிறது. என்ன உழைப்பு? அப்போதுதான் உண்மை தெரிகிறது. அவரும் ஒரு போலீஸ்காரர்! கலிபோர்னியா மாநிலத்தில் பாசடீனா என்ற ஊரில் துப்பறியும் அதிகாரி. பெயர் விர்ஜில் டிப்ஸ். தாயைப் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில் அடுத்த ரயிலுக்குக் காத்திருந்தவர்.

கில்லெஸ்பிக்குக் கொலை வழக்கில் அனுபவம் இல்லை. டிப்ஸுக்கோ அதுதான் வேலை. ஊர்ப் பெரியவர்கள் ஒரு கணக்குப் போடுகிறார்கள். இந்த ஆளை வைத்தே துப்பறியலாம். கொலைகாரன் அகப்பட்டால் பெயர் தலைவருக்கு. அகப்படாவிட்டால் பழி கறுப்பருக்கு. நல்ல கணக்கு!

கொலைகாரன் யார் என்பது இங்கே சொல்லப்படாது. இன்னும் படிக்காதவர்களின் வயிற்றெரிச்சல் வேண்டாம்.

இனி, படித்தவர்கள் சொன்னது என்ன? ஒரே புத்தகம்தான். கருத்துகள் பல.

மர்மத்துக்காகப் படித்தவர்களில் ஒரு பகுதியினருக்கு இதில் திருப்தி இல்லை. முடிச்சு சிறியது, கொலைகாரனைப் பற்றி முன்பே இன்னும் கொஞ்சம் சொல்லியிருக்கலாம் என்பது அவர்கள் குறை. அதில் நியாயம் உண்டு. இன்னொரு பகுதியினர் டிப்ஸ் துப்புத் துலக்கும் விதத்தை ரசித்தார்கள். இறந்தவரின் பர்ஸ் ஓர் இளைஞனிடம் அகப்படுகிறது. கில்லெஸ்பிக்கு வழக்கே முடிந்துவிட்டது. டிப்ஸ் அவனுடைய கைகளைப் பார்க்கிறார். அவன் இடது கைக்காரன். அடி விழுந்ததோ வலது கையால். பர்ஸை எடுத்தவன் அவன்தான், கொன்றவன் அவன் அல்ல. கில்லெஸ்பி ஆளைப் பார்த்ததும் முடிவு செய்கிறார். டிப்ஸ் தடயத்தைப் பார்த்த பிறகே முடிவு செய்கிறார்.

கதையில் வரும் வசவுச் சொற்கள் சிலருக்குப் பிடிக்கவில்லை. வளர்ந்த மனிதரைப் 'பையா' என்று கூப்பிடுகிறார்கள். அதைவிடக் கேவலமான சொற்களும் வருகின்றன. இதையெல்லாம் அச்சில் போட வேண்டுமா என்று கேட்டார்கள். வேண்டும் என்பதே சரியாகப் படுகிறது. தமிழில் 'வாடா' என்பதற்கும் 'வாங்க' என்பதற்கும் எவ்வளவு தூரம் என்று எல்லோருக்கும் தெரியும். ஆங்கிலத்தில் நீ, நீங்கள் இரண்டுக்கும் ஒரே சொல்தான். ஆகவே மரியாதையும் அவமரியாதையும் பெயர் சொல்லி அழைப்பதில்தான் தெரியும். உன் ஊரில் உன்னை எப்படிக் கூப்பிடுவார்கள் என்று கில்லெஸ்பி ஏளனமாகக் கேட்கிறார். தம் ஊரில் பெயருக்கு முன்னால் 'மிஸ்டர்' சேர்த்துத்தான் அழைப்பார்கள் என்று டிப்ஸ் அமைதியாகச் சொல்கிறார். வசவுகளை எடுத்துவிட்டால் இந்தப் பதிலின் எடை தெரியாது.

பெரிய வாக்குவாதம் டிப்ஸின் குணத்தைப் பற்றியது. அவர் கோபப்படுவதே இல்லை. எத்தனை அவமானம் வந்தாலும் குரல் உயர்வதில்லை. அறிவிலும் குறை இல்லை, நடத்தையிலும் குறை இல்லை. இப்படி ஒரு மனிதர் உண்டா? வெள்ளை வாசகர்கள் மனம் நோகக்கூடாது என்று ஒரு வெள்ளை எழுத்தாளர் செய்த பொம்மை இது என்று சிலர் சொன்னார்கள். மற்றவர்கள் வேறு மாதிரி சொன்னார்கள். அந்த ஊரில் கறுப்பர் ஒருவர் கோபத்தைக் காட்டினால் உயிர் தப்ப முடியாது. அவருடைய பொறுமை பணிவு அல்ல, பிழைக்கும் வழி என்றார்கள்.

இந்த வாக்குவாதத்துக்குத் திரைப்படம் வேறொரு பதில் சொன்னது. படம் 1967-இல் வந்தது. டிப்ஸாக நடித்தவர் சிட்னி பாய்ட்டியர் என்ற கறுப்பின நடிகர். படத்தில் எண்டிகாட் என்ற பண்ணை முதலாளி டிப்ஸைக் கன்னத்தில் அறைகிறார். அடுத்த நொடியே டிப்ஸ் திருப்பி அறைகிறார்! நாவலில் இந்த அறையே கிடையாது. அங்கே எண்டிகாட் இசை விழாவுக்கு உதவும் நல்ல மனிதர். படம் பார்த்துவிட்டு நாவலைத் தேடிப் படித்தவர்கள் அந்த இடத்துக்காகக் காத்திருந்து ஏமாந்தார்கள்.

படப்பிடிப்பின் பெரும்பகுதி தெற்கில் நடக்கவில்லை. வடக்கே இல்லினாய் மாநிலத்தில் நடந்தது. தெற்கே போக பாய்ட்டியர் விரும்பவில்லை. திரையில் திருப்பி அறைந்தவருக்கே அங்கே பாதுகாப்பு இல்லை. படத்துக்கு ஐந்து ஆஸ்கர் விருதுகள் கிடைத்தன. விருது விழா 1968 ஏப்ரலில் நடப்பதாக இருந்தது. மார்ட்டின் லூதர் கிங் அந்த மாதம் 4-ஆம் தேதி சுட்டுக் கொல்லப்பட்டதால், இரண்டு நாள் தள்ளி நடந்தது. விருது பெற்ற படம் என்று எல்லோரும் புகழவில்லை. ஜேம்ஸ் பால்டுவின் என்ற பெரிய கறுப்பின எழுத்தாளர் 1976-இல் வெளிவந்த தம் நூலில் படத்தைக் கடுமையாகக் குறை சொன்னார். வெள்ளைப் போலீஸ் தலைவருக்கும் டிப்ஸுக்கும் இடையே கடைசியில் வரும் இணக்கத்தை அவர் நம்பவில்லை.

இத்தனை பேச்சிலும் சாம் வுட் பலருக்கு மறந்துபோகிறார். நாவலில் பெரும்பகுதியை அவருடைய கண் வழியாகத்தான் பார்க்கிறோம். டிப்ஸுக்குக் கார் ஓட்டும் வேலை அவருக்கு வருகிறது. முதலில் வெறுப்பு. பிறகு வியப்பு. பிறகு, தமக்கே தெரியாமல், மரியாதை. அப்புறம் கதை திரும்புகிறது. கில்லெஸ்பிக்குச் சாம் மேலேயே சந்தேகம் வருகிறது. அன்றிரவு ரோந்துப் பாதையைப் பற்றி அவர் முழு உண்மை சொல்லவில்லை. திடீரென்று கடனை ரொக்கமாக அடைத்திருக்கிறார். பணம் ஏது? சாம் லாக்கப்பில் உட்காருகிறார்.

ரயில் நிலையத்தில் டிப்ஸிடம் எழுந்த அதே சந்தேகம்தான். கையில் பணம் இருந்தது குற்றமாகிவிட்டது. இந்த இடத்தில் சாமுக்காக வருத்தப்பட்ட வாசகர்கள் உண்டு. அவருக்கு நல்ல பாடம் என்று மகிழ்ந்தவர்களும் உண்டு. வேறு சிலர், இரண்டும் ஒன்றல்ல என்று வாதாடினார்கள். சாமுக்கு அந்த ஊரில் வீடு இருக்கிறது, வேலை இருக்கிறது. வெளியே டிப்ஸ் போன்ற ஒருவர் உண்மையைத் தேடிக்கொண்டும் இருக்கிறார். ரயிலுக்குக் காத்திருந்த அந்தக் கறுப்பர் போலீஸ் அதிகாரியாக இல்லாமல் ஒரு தச்சராகவோ ஆசிரியராகவோ இருந்திருந்தால், பொழுது விடியும்போது அவர் எங்கே இருந்திருப்பார் என்று கேட்டார்கள். நாவலில் அதற்குப் பதில் இல்லை.

படித்தவர்கள் இனி எழுந்து தங்கள் கருத்தைச் சொல்லலாம். கொலைகாரன் பெயரை மட்டும் யாரும் சொல்லிவிட வேண்டாம்.