மலைமேல் கேட்கும் மருத்துவர் குரல்

(குறுவள மையக் கூட்டத்தில் ஜவ்வாதுமலை ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தொலைமருத்துவம் பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் மருத்துவம் படித்தவன் அல்ல, பி.எட். முடித்த அறிவியல் ஆசிரியன். மலையில் ஓர் உண்டு உறைவிடப் பள்ளியில் வேலை பார்க்கிறேன். பிள்ளைகள் விடுதியிலேயே தங்கிப் படிப்பதால், இரவில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் முதலில் எழுப்புவது எங்களைத்தான். அந்த அனுபவத்தை வைத்தே பேசுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு மழைக்கால இரவு. ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவனுக்குக் கடுமையான காய்ச்சல். எங்கள் பள்ளியில் சமையற்கூடத்தின் பின்சுவர் ஓரமாக நின்றால்தான் செல்பேசியில் சிக்னல் கிடைக்கும். குடையைப் பிடித்துக்கொண்டு அங்கே நின்று ஒரு மருத்துவரைப் பிடித்துவிட்டேன். அவர் நிதானமாகக் கேட்டார்: காய்ச்சல் என்றைக்கு ஆரம்பித்தது? பையனின் எடை எவ்வளவு? கடைசியாக எப்போது சிறுநீர் கழித்தான்? நிமிடத்துக்கு எத்தனை முறை மூச்சு விடுகிறான்?

நான்கில் ஒன்றுக்கும் என்னிடம் பதில் இல்லை. "ரொம்பக் காய்ச்சல் அடிக்குதுங்க டாக்டர்" என்பதையே மூன்று விதமாகச் சொன்னேன். பிறகு அவரே சொல்லிக்கொடுத்தார்: பையனின் சட்டையைத் தூக்கிவிட்டு, வயிறு ஏறி இறங்குவதைக் கடிகாரத்தைப் பார்த்தபடி ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள், உள்ளே போய் எண்ணிவிட்டு வந்து மறுபடி கூப்பிடுங்கள். எடைக்கு ஜூன் மாதப் பதிவேட்டைத் தேடினோம். மருந்தின் அளவு எடையைப் பொறுத்தது என்பதால் அது இல்லாமல் அவரால் எதுவும் சொல்ல முடியவில்லை. இரவு முழுவதும் என்னென்ன கவனிக்க வேண்டும், எது தெரிந்தால் விடியும்வரை காத்திருக்கக் கூடாது என்று விளக்கினார். விடிந்ததும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கொண்டுபோனோம். பையன் ஒரு வாரத்தில் எழுந்து ஓடினான். அந்தக் கேள்விகள் மட்டும் என்னைவிட்டுப் போகவில்லை. தொலைவில் இருக்கும் மருத்துவருக்குக் கண்ணும் கையும் இந்தப் பக்கம் இருப்பவர்தான். அன்று அந்தக் கண் சரியாகப் பார்த்து வைத்திருக்கவில்லை.

இதன் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நம் வேலூரைத் தாண்டினால் சித்தூர் மாவட்டம். அங்கே அரகொண்டா என்ற கிராமத்தில் அப்போலோ நிறுவனம் அமைத்த தொலைமருத்துவ மையத்தை 2000 மார்ச் 24 அன்று, ஐதராபாத் வந்திருந்த அமெரிக்க அதிபர் கிளிண்டன் தொடங்கிவைத்தார். அன்று செயற்கைக்கோள் இணைப்பு தேவைப்பட்டது. எல்லா ஊருக்கும் கட்டுப்படியாகும் செலவல்ல அது.

செலவைக் குறைத்துக் காட்டிய கதை தேனிப் பக்கம் நடந்தது. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை 2004 முதல் சிற்றூர்களில் பார்வை மையங்களைத் திறந்தது. கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சாதாரண வை-ஃபை கருவிகளை, ஒரே திசையில் அலையை அனுப்பும் ஆண்டெனாக்களோடு சேர்த்துப் பல கிலோமீட்டர் தூரத்துக்கு இணைப்புக் கொடுத்தார்கள். மையத்தில் பயிற்சி பெற்ற பெண் ஒருவர் கண்ணைச் சோதித்துப் படம் எடுப்பார். தேனியில் இருக்கும் மருத்துவர் அதைப் பார்த்துவிட்டு நோயாளியிடம் காணொலியில் பேசுவார். கருவி மலிவானது பெரிய விஷயம்தான். ஆனால் எனக்கு முக்கியமாகப் படுவது படம் எடுக்கும் அந்தப் பெண். அவர் இல்லையென்றால் மருத்துவர் பார்ப்பதற்கு அங்கே ஒன்றுமில்லை. பள்ளியில் நாமும் பிள்ளைகளை எழுத்து அட்டை முன் நிறுத்திப் பார்வை சோதிக்கிறோமே, அதுவும் இதே வேலையின் முதல் படிதான்.

இப்போது மத்திய அரசின் இ-சஞ்சீவனி இருக்கிறது. 2019 நவம்பரில் தொடங்கியது. துணை சுகாதார நிலையத்தில் செவிலியர் நம்மோடு உட்கார்ந்துகொண்டு, வேறிடத்திலுள்ள மருத்துவரிடம் பேசவைப்பது ஒரு முறை. வீட்டிலிருந்தே செல்பேசியில் நாமே மருத்துவரைப் பார்ப்பது இன்னொரு முறை. இது ஊரடங்கின்போது 2020 ஏப்ரல் 13 அன்று வந்தது. கட்டணம் இல்லை. மலையில் இருப்பவர்களுக்கு நான் முதல் முறையைத்தான் சிபாரிசு செய்வேன். காரணம் சிக்னல் மட்டுமல்ல. (நம் மலைக் காவலூரில் 2.34 மீட்டர் தொலைநோக்கியை வைத்து எங்கோ இருக்கும் விண்மீனின் ஒளியைப் பிடிக்கிறார்கள். நமக்குப் பக்கத்து மலைக் கோபுரத்தின் இரண்டு கோடு கிடைப்பதில்லை. அது போகட்டும்.)

காரணம் இதுதான். வீட்டில் செல்பேசியை இயக்கத் தெரிந்தவர் யார்? நம்மிடம் எட்டாம் வகுப்புப் படிக்கும் பையன். அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை என்றால் அவன்தான் எண்ணைப் பதிவு செய்கிறான், ஓடிபியைத் தட்டுகிறான், மருத்துவர் சொல்வதை அம்மாவுக்கு எடுத்துச் சொல்கிறான். நாமும் "கெட்டிக்காரப் பையன்" என்று பாராட்டுகிறோம். என் மாணவன் ஒருவனின் அம்மா மாதக்கணக்கில் உதிரப்போக்கால் அவதிப்பட்டிருக்கிறார். மகன் பக்கத்தில் இருந்ததால் செல்பேசியில் மருத்துவரிடம் தலைசுற்றல் என்று மட்டும் சொல்லியிருக்கிறார். அதற்குத்தான் மருந்தும் கிடைத்தது. பிறகு கிராம சுகாதார செவிலியரிடம் தனியாகப் பேசியபோதுதான் உண்மை வெளியே வந்தது. அந்தப் பையனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. பிள்ளைகளை மொழிபெயர்ப்பாளராக வைக்கும் பழக்கத்தை நாம்தான் தடுக்க வேண்டும். செயலியை இயக்கிக் கொடுக்கட்டும். மருத்துவர் வந்ததும் செல்பேசியை அம்மா கையில் கொடுத்துவிட்டு வெளியே போகக் கற்றுக்கொடுங்கள். அம்மாவுக்குத் துணை வேண்டுமென்றால் செவிலியர் இருக்கிறார்.

விடுதிப் பிள்ளைகளுக்காக நாம் பேசும்போதும் ஒரு விதி உண்டு. 2020 மார்ச் 25 அன்று வெளியான தொலைமருத்துவ வழிகாட்டு நெறிமுறைகளின்படி, நோயாளி சிறார் என்றால் பெரியவர் ஒருவர் உடன் இருக்க வேண்டும்; அவர் யார் என்பதை மருத்துவர் உறுதிசெய்துகொள்ள வேண்டும். ஆகவே பிள்ளையிடம் செல்பேசியைக் கொடுத்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போகாதீர்கள். பெற்றோருக்கும் உடனே தகவல் சொல்லிவிடுங்கள்.

செல்பேசியால் முடியாததையும் சொல்ல வேண்டும். 2023 மே மாதம் அல்லேரி மலையில் ஒன்றரை வயதுக் குழந்தையைப் பாம்பு கடித்தது. மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே குழந்தை இறந்துவிட்டது. திரும்பும்போது ஆம்புலன்ஸ் மேலே ஏறச் சாலை இல்லாமல், தாய் உடலைக் கையில் சுமந்துகொண்டு நடந்தார். செய்தித்தாளில் எல்லோரும் படித்தோம். விஷமுறிவு மருந்து மருத்துவமனையில்தான் இருக்கிறது. காணொலியில் அதை ஏற்ற முடியாது. பாம்பு கடித்தால் கயிறு கட்டாதீர்கள், கீறாதீர்கள், கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்து 108-ஐ அழைத்து உடனே கிளப்புங்கள். சாலை கேட்டு மனுக் கொடுக்கும்போது "அதான் செல்போனில் டாக்டர் வந்துவிட்டாரே" என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

கடைசியாக ஒன்று. எங்கள் விடுதிச் சுவரில் இப்போது ஓர் அட்டை ஒட்டியிருக்கிறோம். ஒவ்வொரு பிள்ளையின் எடை, மாதம் ஒருமுறை புதுப்பித்தது, ஏற்கெனவே உள்ள நோய், ஒத்துக்கொள்ளாத மருந்து, பெற்றோர் எண். கீழே, மருத்துவர் அன்று கேட்ட நான்கு கேள்விகள். பக்கத்தில் ஒரு வெப்பமானியும் வினாடிமுள் உள்ள கடிகாரமும் தொங்குகின்றன. அட்டையின் நகல் கொண்டுவந்திருக்கிறேன், வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளுங்கள். தேநீர் வருவதற்குள், பக்கத்தில் இருப்பவரின் மூச்சை ஒரு நிமிடம் எண்ணிப் பாருங்கள். நான் நேரம் பார்க்கிறேன்.