பாட்டும் அதைப் பாடும் தொண்டையும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)

 

எழுதியவரே தம் எழுத்தைப் படிக்க, மற்றவர் கேட்டுக் குறையும் நிறையும் கூறும் வழக்கத்தை இவ்வட்டம் பத்தாண்டுகளாகக் காத்து வருகிறது. இவ்வழக்கம் நமக்குப் புதியதன்று. தொல்காப்பியம் பாண்டியன் அவையில், அதங்கோட்டாசான் முன்னிலையில் அரங்கேறிய செய்தியை அதன் சிறப்புப்பாயிரமே கூறுகிறது. கற்றோர் கேட்டு ஒப்பிய பின்னரே நூல் ஊரார் கைக்குச் சென்றது.

ஆனால், இசைப்பாட்டின் நிலை வேறு. நூலைக் கேட்ட அவை தலையசைத்தால் போதும். ஏட்டில் அது வாழ்ந்துவிடும். பாட்டைக் கேட்டவர் தலையசைத்தால் மட்டும் போதாது. அவரும் அதைப் பாட வேண்டும். ஆக்கியவர் தொண்டையிலிருந்து இன்னொருவர் தொண்டைக்குப் போய்ச் சேராத பாட்டு, ஆக்கியவரோடு முடிந்துவிடுகிறது. புதிய பாட்டை ஆக்கியவர்கள் அதைத் தம் காலத்து இசைவாணர்களிடம் சேர்த்த வழிகள் யாவை? இன்று இதைப் பற்றியே பேச விழைகின்றேன்.

சீர்காழி அருணாசலக் கவிராயரை (1711–1779) முதலில் எண்ணிப் பார்ப்போம். இராம நாடகக் கீர்த்தனைகளின் சொல் அவருடையது. இசையமைப்பில் சட்டநாதபுரத்துக் கோதண்டராமய்யர், வேங்கடராமய்யர் என்னும் இருவர் துணைநின்றனர் என்பது மரபுச் செய்தி. அவ்விசை முழுமையாக நம்மை வந்தடையவில்லை. ‘யாரோ இவர் யாரோ’ என்னும் கீர்த்தனைக்குரிய பழைய இராகம் சாவேரி. இன்று மேடைகளில் நாம் கேட்பது பைரவி. பைரவியில் அது அழகாகவே ஒலிக்கிறது. ஆயினும், கவிராயர் அவையில் ஒலித்த சாவேரி எப்படி இருந்தது என்று சொல்ல இன்று எவருமில்லை. சொல்லைக் காத்த ஏடு இசையைக் காக்கவில்லை.

இருபதாம் நூற்றாண்டில் மூவர் மூன்று வழிகளில் இந்த இழப்பை எதிர்கொண்டனர்.

முதலாமவர் பாபநாசம் சிவன் (1890–1973). அவர் வழி, செவிவழி. மார்கழி விடியலில் மயிலைக் கபாலீசுவரர் கோயில் மாடவீதிகளில் பஜனை பாடி வலம் வந்தார் அவர். உடன் நடந்தோர் கேட்டனர், கேட்டோர் பாடினர். டி. கே. பட்டம்மாள் போன்றோர் அவரிடமே நேரில் பாடம் கேட்டனர். மதுரை மணி அய்யர் வாய்ப்பட்டதால் வீடுதோறும் புகுந்த சிவன் பாடல்களும் உண்டு. பாட்டைப் பாடிக் காட்டுதல், திருத்துதல், மீண்டும் பாடச் செய்தல் என்னும் பழைய முறையே அவருக்குப் போதுமானதாக இருந்தது. அவரே பாடவும் வல்லவராக இருந்தது அவர் பாட்டின் பேறு.

இரண்டாமவர் கோடீசுவர அய்யர் (1870–1938). கவிகுஞ்சர பாரதியின் பேரர். பட்டணம் சுப்பிரமணிய அய்யரிடமும் இராமநாதபுரம் சீனிவாச அய்யங்காரிடமும் பயின்றவர். எழுபத்திரண்டு மேளகர்த்தா இராகங்களுக்கும் தமிழில் ஒவ்வொரு கீர்த்தனை இயற்றி, ‘கந்த கானாமுதம்’ என்று பெயரிட்டுச் சுரக்குறிப்புடன் அச்சேற்றினார். அவர் வழி, ஏட்டுவழி. எதிரே இருப்பவருக்கு மட்டுமன்றி, இனிப் பிறக்கப் போகும் பாடகருக்கும் எழுதப்பட்ட மடல் அது.

அம்மடலைப் பிரித்துப் படிக்க இசையுலகம் தயங்கியது. காரணம் இருக்கிறது. அந்த எழுபத்திரண்டில் நாற்பது இராகங்கள் விவாதி மேளங்கள். ஒன்றையொன்று நெருக்கி நிற்கும் சுரங்கள் வருவதால் பாடுவதற்குக் கடினமானவை; பாடினால் தீங்கு நேரும் என்ற அச்சமும் வழக்கில் இருந்தது. சுரக்குறிப்பு தெளிவாக இருந்தும் பாட முன்வந்தோர் சிலரே. சிவனின் மாணவரும் ஓவியருமான எஸ். இராஜம் (1919–2010) அந்த அச்சத்தைப் பொருட்படுத்தவில்லை. எழுபத்திரண்டையும் கற்றார், பாடினார், கற்பித்தார். தொண்ணூறு வயதுவரை வாழ்ந்து காட்டியதே அச்சத்திற்கு அவர் அளித்த விடை என்று நான் வேடிக்கையாக எண்ணிக்கொள்வதுண்டு. சுரக்குறிப்பு விதை போன்றது. மண்ணாக ஒரு மனிதர் வாய்க்கும்வரை அது காத்திருக்கிறது.

மூன்றாமவர் ஒரு பெண்மணி. மதுரையில் வாழ்ந்த அம்புஜம் கிருஷ்ணா (1917–1989). அறுநூறு பாடல்கள் வரை இயற்றிய அவர், தம் சொற்களைச் சமகால இசைவாணர் பலரிடம் ஒப்படைத்தார். வி. வி. சடகோபன், செம்மங்குடி சீனிவாச அய்யர், இராமநாதபுரம் கிருஷ்ணன், டி. என். சேஷகோபாலன் எனப் பலர் அவற்றுக்கு இசையமைத்தனர். இதனை ‘அரைப் படைப்பு’ என்று குறைத்துரைப்பாருண்டு. எனக்கு அது உடன்பாடன்று. தம் சொல்லைப் பிறர் இசைக்கு விட்டுக்கொடுத்தல் எளிய செயலன்று. அன்றியும், இசையமைத்தவருக்கு அந்தப் பாட்டில் உரிமை பிறந்துவிடுகிறது. உரிமையுடையவர் தாமே மேடையேற்றுவார், மாணவர்க்கும் கற்பிப்பார். பகிர்ந்ததால் பாட்டுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட தாய்மார் கிடைத்தனர்.

இவ்விடத்தில் என் வீட்டுச் செய்தி ஒன்றைச் சொல்ல அவையோர் இசைவு தர வேண்டுகிறேன்.

என் பெரியப்பா தொடக்கப்பள்ளி ஆசிரியர். முருகன்மீது அறுபதுக்கு மேற்பட்ட கீர்த்தனைகள் இயற்றினார். மாலையில் திண்ணையில் அமர்ந்து, தொடையில் தாளமிட்டுப் பாடுவார். நான் கல்லூரியில் பயின்ற நாளில், “இதைக் கற்றுக்கொள் அம்மா, நாலு பாட்டாவது உன்னிடம் இருக்கட்டும்” என்று பலமுறை அழைத்தார். “தேர்வு முடியட்டும், பெரியப்பா” என்பேன். தேர்வுகள் முடிந்தன, முனைவர் பட்டமும் பெற்றேன். அதற்குள் அவர் மறைந்துவிட்டார்.

அவருடைய மூன்று குறிப்பேடுகள் இன்று என் அலமாரியில் உள்ளன. ஒவ்வொரு பாட்டின் தலைப்பிலும் இராகம், தாளம் என இரண்டே சொற்கள். எதுகை எங்கே, மோனை எங்கே, எந்தத் தொடர் திருப்புகழின் சாயல் என்றெல்லாம் என்னால் ஒரு மணி நேரம் விரித்துரைக்க முடியும். ஓரடியைக்கூட அவர் பாடியபடி பாட முடியாது. எங்களூர் நாகசுரக்காரர் ஒருவர் திண்ணையோரம் நின்று கேட்டுக் கேட்டு ஒரு பாட்டை வாசிக்கக் கற்றிருந்தார். அவர் மகன் அதை இன்றும் சூரசம்ஹாரத்தன்று வாசிக்கிறார். அறுபதில் எஞ்சியது அந்த ஒன்றே. அதைக் காத்தது என் பட்டமன்று. கேட்டு நின்ற அந்தச் செவி.

இன்று ஒலிப்பதிவுக் கருவி ஒவ்வொருவர் கையிலும் இருக்கிறது. புதிய பாட்டை அன்றே உலகெங்கும் அனுப்பலாம். என் பெரியப்பாவுக்கு அது வாய்த்திருந்தால் சாவேரியை இழந்தது போன்ற இழப்பு நேர்ந்திராது. எனினும் ஒலிப்பதிவு, பாட்டைக் காக்குமேயன்றிப் பரப்பாது. பரப்புவதற்கு இன்னொருவர் உட்கார்ந்து, பிழையாகப் பாடி, திருத்தம் பெற்று, தமதாக்கிக்கொள்ள வேண்டும். சபை மேடைகளில் புதிய தமிழ்ப் பாட்டுக்குக் கிடைக்கும் நேரம் குறைவு என்று குறைகூறுகிறோம். 1943-இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் தோன்றிய காலத்திலும் தமிழ்ப்பாட்டுக்கு மேடை வேண்டும் என்பதே கோரிக்கையாக இருந்தது. மேடை ஓரளவு கிடைத்தது. நம் காலத்துப் பாடலாசிரியருக்கு இன்று முதல் தேவை, மேடைக்கு முந்திய அந்தத் திண்ணையே என்பது என் கருத்து.

ஆதலின் இவ்வட்டத்தார்க்கு ஒரு வேண்டுகோள். கவிதைக்கும் சிறுகதைக்கும் திங்கள்தோறும் இடமளிக்கிறீர்கள். ஆண்டுக்கு ஒருமுறையேனும் வாழும் பாடலாசிரியர் ஒருவரை அழையுங்கள். உடன் இளம் பாடகர் இருவரையும் அழையுங்கள். அவர் பாடட்டும், அவர்கள் கற்கட்டும், நாம் கேட்டிருப்போம். கூட்டம் கலையும்போது பாட்டு ஒருவரிடமிருந்து மூவரிடம் சென்றிருக்கும். அடுத்த பத்தாண்டில் பத்துப் பாட்டு. சிறிய எண்ணிக்கைதான். என் அலமாரியில் உறங்கும் அறுபதைவிட அது பெரிது.