டிராக்டர் எஞ்சின் மெதுவோட்டத்தில் தடுமாறுவது ஏன்?



தாமிரபரணிப் பாசனத்தில் கால்வாயில் தண்ணீர் வந்துவிட்டால் காத்திருக்க இயலாது என்பது தாங்கள் அறிந்ததே. கன்னடியன் கால்வாயிலும் பாளையங்கால்வாயிலும் எல்லோரும் ஒரே சமயத்தில் தொழி உழவுக்கு டிராக்டரைத் தேடுவர். அந்த நாளில் எஞ்சின் வயலுக்குள் நின்று நின்று போனால், வாடகையும் வீண். நாற்றுக்கும் வயது ஏறிவிடும்.

சுமையின்றி எஞ்சின் மெதுவாக ஓடுவதை 'ஐட்லிங்' என்பர். பெரும்பாலான டிராக்டர்களில் இது நிமிடத்திற்கு 600 முதல் 800 சுற்றுகள் வரை இருக்கும். இந்த ஓட்டத்தில் ஒவ்வொரு முறையும் தெளிக்கப்படும் டீசல் மிகச் சொற்பம். ஆகையால் குழாயில் ஒரு காற்றுக் குமிழி புகுந்தாலும், ஒரு நாசில் சரியாகத் தெளிக்காவிட்டாலும் உடனே தடுமாற்றம் தெரியும். வேகத்தைக் கூட்டினால் அதே குறை மறைந்துவிடும். அதனால்தான் பலர் ஐட்லிங் திருகைத் திருகி ஓட்டுகின்றனர். இது நோயை மறைப்பதேயன்றித் தீர்ப்பதாகாது, டீசலும் வீணாகும்.

சோதிக்கும் முறை

கியரை நியூட்ரலில் வைத்து, கைப்பிரேக் போட்டு, பி.டி.ஓ.வை விடுவித்த பின்னரே சோதனையைத் தொடங்க வேண்டும்.

1. டீசல் தொட்டியின் மூடியைத் தளர்த்துங்கள். 'உஸ்' என்று காற்று உள்ளே இழுக்கப்பட்டு எஞ்சின் சீரானால், மூடியிலுள்ள காற்றுத் துளை அடைபட்டுள்ளது என்று பொருள். துளையைச் சுத்தம் செய்தால் போதும்.

2. வடிகட்டியின் அடித்திருகைத் திறந்து சிறிது டீசலைக் கண்ணாடிக் குப்பியில் பிடியுங்கள். தண்ணீர் அடியில் தங்கும். பிசானப் பருவம் வடகிழக்குப் பருவமழையோடு சேர்ந்து வருவதால், வெளியில் வைத்த டிரம்மில் மழைநீர் புக வாய்ப்பு மிகுதி.

3. எஞ்சின் வேகம் மாறிமாறி ஏறி இறங்கினால், முதலில் காற்றுப் புகுந்திருக்கிறதா என்று பாருங்கள். எஞ்சினை நிறுத்தி, வடிகட்டியின் மேல்திருகைத் தளர்த்தி, குமிழியற்ற டீசல் வரும் வரை கைப்பம்பை அடித்து, திருகை இறுக்குங்கள். மறுநாளும் காற்றுப் புகுந்தால் வாஷரையும் ரப்பர் குழாயையும் மாற்ற வேண்டும். காற்று இல்லாமலே ஏறி இறங்கினால் கவர்னரைப் பட்டறையில் காட்டுங்கள்.

4. ஏறி இறங்காமல் 'டப்டப்' என்று மிஸ் ஆனால், ஒரு சிலிண்டர் வேலை செய்யவில்லை எனலாம். அனுபவமுள்ள மெக்கானிக் ஒவ்வொரு நாசில் குழாயின் நட்டையும் ஒவ்வொன்றாகச் சற்றே தளர்த்திப் பார்ப்பார். எதைத் தளர்த்தும்போது எஞ்சின் ஓசை மாறவில்லையோ, அந்தச் சிலிண்டரில்தான் குறை. தெளிக்கும் டீசலின் முன் கையை நீட்டலாகாது. அது தோலைத் துளைத்து உள்ளே சென்றுவிடும்.

புகை கூறும் செய்தி

எஞ்சின் சூடான பின்னும் வெண்புகை வந்தால், டீசல் எரியாமல் வெளியேறுகிறது. நாசிலையும் கம்ப்ரஷனையும் பார்க்க வேண்டும். கரும்புகை வந்தால் காற்று வடிகட்டி அடைப்பையும், நீலப்புகை வந்தால் மசகு எண்ணெய் எரிவதையும் ஐயுறலாம்.

புதிய வகை எஞ்சின்கள்

2023 ஜனவரி 1 முதல் 50 குதிரைசக்திக்கு மேற்பட்ட புதிய டிராக்டர்களுக்குக் கடுமையான புகைக் கட்டுப்பாட்டு விதிகள் வந்துள்ளன. இவற்றில் பலவும் கணினி கட்டுப்படுத்தும் 'காமன் ரெயில்' எஞ்சின் கொண்டவை. இன்றைய டீசல் கார்களிலும் இம்முறையே. இவற்றில் திருகுவதற்கு ஐட்லிங் திருகு இல்லை. குழாயில் அழுத்தம் 1000 பாருக்கும் மேல் செல்வதால், ஓடும்போது நாசில் குழாயின் நட்டைத் தொடவே கூடாது. டீசலையும் வடிகட்டியையும் பார்த்த பின்னரும் குறை தீராவிட்டால், பட்டறையில் கருவியைப் பொருத்திக் குறியீட்டைப் படிக்கச் சொல்லுங்கள்.

ஆகவே முதலில் மூடி, பின்பு வடிகட்டி, அடுத்து காற்று, அதன்பின் நாசில் என்ற வரிசையில் பாருங்கள். டீசல் பம்பைக் கழற்றுவது கடைசி வேலையாக இருக்கட்டும்; அதிலுள்ள முத்திரையிட்ட திருகை ஒருபோதும் உடைக்காதீர்கள். தண்ணீர் திறக்கும் முன்பே இச்சோதனையை முடித்து வைத்தால், தொழி உழவு தடையின்றி நடைபெறும்.