இழைகள் நின்றால்தான் துப்புரவு



கணிப்பொறியில் நன்கு ஓடும் நிரலொன்று இடையிடையே திடுமென நின்று, பின் தொடர்வதுண்டு. வைப்பகத்திலும் தொடர்வண்டிப் பதிவகத்திலும் காத்திருப்போர்க்கு அந்நொடிகள் பெருந்தொல்லை. உடனே, 'நினைவகக் குப்பைதிரட்டி சோம்பியது' என்று பழி தூற்றுவர். அப்பழி முறையானதா? இதுவே என் உரைப்பொருள்.

நிரல் தன் பணிக்கென நினைவகத்தில் இடம் பெறுகின்றது. பணி முடிந்தபின், எப்பகுதியும் சுட்டாது கிடக்கும் இடமே குப்பை. அதனைத் தானே தேடி மீட்கும் முறையை, இலிசுபு என்னும் நிரல்மொழிக்கென வகுத்து 1960-இல் வெளியிட்டவர் அமெரிக்க அறிஞர் சான் மெக்கார்த்தி.

குப்பையல்லாதது எது என அறிய, ஒவ்வோர் இழையின் அடுக்கையும் துருவ வேண்டும். இழையென்பது நிரலுக்குள் தனித்தோடும் பணியோட்டம். அடுக்கென்பது அவ்விழை தன் கைப்பொருளைக் குறித்துவைக்கும் இடம். இழை ஓடிக்கொண்டிருந்தால் குறிப்பும் மாறிக்கொண்டிருக்கும். ஆகவே இழைகளைச் சற்றே நிறுத்த வேண்டியுள்ளது.

வகுப்பறையை எண்ணிப் பாருங்கள். ஏடுகளை எண்ணவேண்டி, 'எழுதுவதை நிறுத்துங்கள்' என்கிறார் ஆசிரியர். முப்பத்தொன்பதின்மர் நிறுத்திவிட்டனர்; ஒருவன் மட்டும் தலைநிமிராது எழுதுகின்றான். எண்ணுதற்கு ஆனது ஒரு மணித்துளி. காத்திருந்ததோ ஐந்து மணித்துளி. பிழை எண்ணியவர் மேலதா?

இழைகளை நடத்தும் முறை மூவகைப்படும்.

முதலாவது, நிரலின் இழைகள் அனைத்தும் இயங்குதளத்தின் ஒரே இழைமேல் முறைவைத்து ஓடுவது. யாவா மொழியின் தொடக்கப் பதிப்புகள் சோலாரிசு இயங்குதளத்தில் இவ்வாறே 'பச்சை இழை'களைக் கொண்டிருந்தன. ஒரு நேரத்தில் ஒன்றே ஓடுவதால் நிறுத்துவது எளிது. ஆனால், செயலிகள் பல இருந்தும் திரட்டலுக்கு அவை துணைவாரா. 2000-இல் வந்த 1.3 பதிப்பில் இம்முறை கைவிடப்பட்டது.

இரண்டாவது, ஓரிழைக்கு இயங்குதளத்தின் ஓரிழை. 2003-இல் வந்த இலினக்சு 2.6 கருவகம் இம்முறைக்கு வலுச்சேர்த்தது. திரட்டும் இழைகளும் பலவாகி, செயலிகள்தோறும் பணியைப் பகிர்ந்துகொள்ளும். ஆயினும் ஒவ்வோர் இழையும் காப்புநிலை வந்தடைந்தே நிற்க வேண்டும். அதற்குள் இயங்குதளம் அவ்விழையைச் செயலியினின்று இறக்கிவிட்டால், மற்றவை யாவும் காத்துக்கிடக்கும். இழைகள் ஆயிரக்கணக்கில் பெருகினால் துருவும் அடுக்குகளும் பெருகும்.

மூன்றாவது, பல மெல்லிழைகளை இயங்குதளத்தின் சில இழைகள்மேல் ஏற்றுவது. 2009-இல் வெளியான கோ மொழி இவ்வழியது. அதன் மெல்லிழைகள், பொதுவாகச் செயற்கூறொன்றை அழைக்கும் வாயிலில்தான் நிறுத்தக் கட்டளையைக் கேட்டன. அழைப்பே இல்லாத நீண்ட சுழற்சியில் ஓரிழை சிக்கினால், திரட்டலுக்கென மற்றனைத்தும் நின்று காத்தன. நம் வகுப்பறைச் சிறுவன் அவனே! 2020-இல் வந்த 1.14 பதிப்பில், இயங்குதளத்தின் வழியே குறிப்பு அனுப்பி இடைநிறுத்தும் முறை வந்த பின்னரே அவ்விடர் பெரிதும் தீர்ந்தது.

யாவாவும் வாளாவிருக்கவில்லை. 2021-இல் வந்த 16-ஆம் பதிப்பில், அதன் திரட்டிகளுள் ஒன்று, நிரல் ஓடும்போதே அடுக்குகளைத் துருவக் கற்றது. 2023-இல் வந்த 21-ஆம் பதிப்பின் மெல்லிழைகள், இளைப்பாறும்போது தம் அடுக்குகளைப் பொதுக்குவியலிலேயே வைக்கின்றன. ஆகவே அவை அனைத்தையும் தொடக்கத்திலேயே துருவ வேண்டுவதில்லை.

நிரல் எழுதும் இளைஞர்களே! உங்கள் நிரல் நின்றால், இழைகள் நிற்பதற்கு ஆன நேரம் எவ்வளவு, திரட்டுதற்கு ஆன நேரம் எவ்வளவு என இரண்டையும் பிரித்து அளந்து பாருங்கள். முன்னது மிகுந்தால், நினைவகத்தைப் பெருக்குவது மட்டும் போதாது. திரட்டியை மாற்றியும் பெரும்பயன் விளையாது. இழைகளைத் திருத்துவதே வழி.

நோய் ஓரிடத்தில் இருக்க, மருந்தை மற்றோரிடத்தில் இடுவது அறிவுடைமையன்று. அளந்தறிந்த பின்னரே பழி சொல்லுவோம்.