நம்பத்தக்க சோதனைக்கூடம்

மட்டாஞ்சேரி வாழ் தமிழ்ப் பெருமக்களே!

அத்தை மகன், மாமன் மகள் என உறவுக்குள் மணம் முடிப்பது நம்மவரிடையே நெடுநாளைய வழக்கம். இதனால் சில அரிய பரம்பரை நோய்கள் பிள்ளைகளுக்கு வரும் வாய்ப்பு மிகுகின்றது. மரபணுச் சோதனையின் முடிவோ ஒரு குழந்தையோடு நில்லாது. உடன்பிறந்தார் வாழ்வையும் தொடும். அது பிழைபட்டால் குடும்பமே தடுமாறும்.

எனவே விளம்பரப் பலகையைக் கண்டு மயங்கலாகாது. என்.ஏ.பி.எல். என்னும் தேசிய வாரியம் ஐ.எஸ்.ஓ. 15189 விதிப்படி மருத்துவச் சோதனைக்கூடங்களை ஆராய்ந்து அங்கீகரிக்கின்றது. அவ்வங்கீகாரம் குறிப்பிட்ட சோதனைகளுக்கே உரியது. நமக்கு வேண்டிய சோதனை அப்பட்டியலில் உளதா எனக் கேட்டறிவோம். இரத்தம் எடுப்பது இங்கே, சோதிப்பது வேறூரில் என்றால், சோதிக்கும் கூடத்தின் தகுதியையே பார்ப்போம்.

2021ஆம் ஆண்டின் தேசிய அரியநோய்க் கொள்கையின்கீழ், திருவனந்தபுரம் எஸ்.ஏ.டி. மருத்துவமனை சிறப்பு மையமாக விளங்குகின்றது. முதற்கண் அங்கு வழி கேட்போம். நம் மக்களைக் காப்போம்.