19 ஏக்கரும் எங்கள் புலமைப்பரிசில் நிதியும்

(நூற்றாண்டு ஒன்றுகூடலில் புலமைப்பரிசில் நிதிக்குழுவின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



நிதிக்குழு மேடையேறினால் பாதி மண்டபம் தேநீருக்கு எழுந்து போய்விடும் என்பது எங்களுக்குத் தெரியும். ஆகையால் கணக்கை அச்சடித்துப் பின்வரிசை மேசையில் வைத்துவிட்டோம். இங்கே சொல்ல வந்தது 2022ஆம் ஆண்டில் நாங்கள் எடுத்த ஒரு முடிவைப் பற்றி. அதைப் பாராட்டியவர்களும் உண்டு, இன்றுவரை மன்னிக்காதவர்களும் உண்டு.

முதலில் கொஞ்சம் பழைய கதை. இந்த மலைகளில் முதலில் தேயிலை இருக்கவில்லை, கோப்பிதான் இருந்தது. 1869இல் மடுல்சீமைப் பக்கத்தில் கோப்பி இலையில் செம்மஞ்சள் தூள் போல ஒரு நோய் கண்டது. அப்போதே துரைமார் விழித்திருக்க வேண்டும். ஆனால் உலகச் சந்தையில் கோப்பி விலை ஏறிக்கொண்டிருந்தது. ஏக்கருக்கு விளைச்சல் குறைந்தாலும் கையில் வரும் காசு குறையவில்லை. எனவே இன்னும் காடு வெட்டினார்கள். திம்புள்ள, டிக்கோயா, மஸ்கெலியா என்று நாம் பிறந்து வளர்ந்த இந்த மலைகளில் பெரும்பகுதி நோய் வந்த பிறகு கோப்பிக்காகத் திறக்கப்பட்டவைதாம். பிறகு கோப்பி சரிந்ததும் கூட்டம் அப்படியே சிங்கோனாப் பட்டைக்கு ஓடியது. எல்லோரும் ஒரே நேரத்தில் பட்டை உரித்து லண்டனுக்கு அனுப்ப அதன் விலையும் விழுந்தது. 1884இல் ஓரியண்டல் வங்கி கதவை மூடியது. அதன் நோட்டுகளுக்கு ஆளுநர் ஆர்தர் கோர்டன் அரசின் உத்தரவாதம் கொடுக்க வேண்டி வந்தது.

இதற்கெல்லாம் முன்னமே, நோய் தெரியவருவதற்கு 2 வருடம் முன்பு, 1867இல், ஹேவாஹெட்டப் பக்கம் லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். பள்ளிக்கூடத்தில் இதை மனப்பாடம் செய்து புள்ளி வாங்கியிருக்கிறோம். அந்த 19 என்ற எண்ணை மட்டும் ஒருநாளும் யோசித்ததில்லை. அவர் கோப்பியைப் பிடுங்கி எறியவில்லை. தோட்டம் கோப்பியில் ஓடிக்கொண்டிருக்க, தவறினாலும் தோட்டம் பிழைத்துக்கொள்ளும் அளவுக்கு ஒரு துண்டை ஒதுக்கினார். தன் பங்களா விறாந்தையில் மேசை போட்டுக் கையால் இலை உருட்டப் பழகினார். 1873இல் லண்டனுக்குப் போனது வெறும் 23 இறாத்தல். 6 வருடம் காத்திருந்ததற்கு 23 இறாத்தல்! அக்கம்பக்கத்துத் துரைமார் என்ன பேசியிருப்பார்கள் என்று ஊகிக்கலாம்.

இதில் இரண்டு சங்கதிகளை யாரும் சொல்வதில்லை. ஒன்று, சரியாகக் கணித்த டெய்லர் பணக்காரர் ஆகவில்லை. அவர் கடைசிவரை சம்பளக்காரர்தான். 1892இல் லூல்கந்துரயிலேயே இறந்தார். லாபம் கண்டவர் 1890இல் வந்து, விலை விழுந்து கிடந்த தோட்டங்களை வாங்கிய தோமஸ் லிப்டன். மற்றது, கோப்பியின் நட்டம் துரைமாரோடு நிற்கவில்லை. சம்பளப் பாக்கி வராமல் வெறுங்கையோடு இந்தியாவுக்குத் திரும்பிய எங்கள் பாட்டன் பாட்டிமாரும் அதைச் சுமந்தார்கள். முடிவு ஒருவருடையது, நட்டம் இன்னொருவருடையது. மற்றவர் காசைக் கையில் வைத்திருக்கும் எங்களுக்கு இது சின்ன விடயம் அல்ல.

இனி 2022. ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கொடுப்பதை நிறுத்துவதாக அரசாங்கம் அறிவித்தது. 200 ரூபாவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டது. செப்டம்பரில் கொழும்புப் பணவீக்கம் ஏறக்குறைய 70 சதவீதம். தோட்டத்துப் பிள்ளைகள் விடுதிக் கட்டணம் கட்டும் காசு எங்கள் கண்முன்னே உருகிக்கொண்டிருந்தது. கூட்டம் கூட்டமாய் யோசனை வந்தது. நகை வாங்குங்கள், காணி வாங்குங்கள், டொலர் வாங்குங்கள். எல்லாவற்றிலும் மோசமானது, நகரத்தில் அப்போது பலரும் பணம் போட்டுக்கொண்டிருந்த, மாதம் 6 சதவீதம் தருவதாகச் சொன்ன ஒரு திட்டம். நம் பழைய மாணவியர் சிலரே உறவினர் பெயரைச் சொல்லி எங்களைக் கூப்பிட்டார்கள். ஓய்வுபெற்ற கணித ரீச்சர் ஒருவர் குழுக் கூட்டத்தில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "பிள்ளைகளே, அந்த 6 ரூபா எங்கே விளையுது?" யாருக்கும் பதில் தெரியவில்லை. நாங்கள் போடவில்லை. போட்டவர்களில் சிலர் தாய்மாரின் சேமலாப நிதிக் காசைப் போட்டிருந்தார்கள். ஒரு தாய் 30 வருடம் கொழுந்து பறித்த காசு அது. இன்னும் திரும்பவில்லை.

அதேநேரம் மத்திய வங்கி ஒவ்வொரு வாரமும் ஏலத்தில் விற்ற திறைசேரி உண்டியலுக்கு ஆண்டுக்கு 30 சதவீதத்துக்கு அருகில் வட்டி கிடைத்தது. அதை வாங்க ஆட்கள் அஞ்சினார்கள். "வெளிநாட்டுக் கடனைக் கட்டாத அரசு உங்கள் காசை மட்டும் கட்டுமா?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். நாங்களும் அஞ்சினோம். ஏப்ரல் முதல் நவம்பர் வரை பேசிக்கொண்டே இருந்தோம், அந்த மாதங்களில் விலைவாசி எங்களுக்காகக் காத்திருக்கவில்லை. அந்தத் தாமதம் எங்கள் குற்றம், மறைக்கவில்லை.

கடைசியில் ரீச்சரின் கேள்வியையே இதற்கும் போட்டுப் பார்த்தோம். இங்கே வட்டி எங்கிருந்து வரும் என்று தெரியும்: வரியிலிருந்து வரும், அல்லது புதுக் கடன் வாங்கிக் கொடுப்பார்கள். எதுவும் முடியாவிட்டால் சொந்த நாணயத்தில் அரசு அச்சடித்துக் கொடுக்கும், அப்போது அந்த ரூபாவுக்கு மதிப்பிருக்காது. ஆக ஆபத்து உண்டு, ஆனால் அது கண்ணுக்குத் தெரிகிற ஆபத்து. நிதியில் மூன்றில் ஒரு பங்கை 364 நாள் உண்டியலில் இட்டோம். மிச்சத்தை அரச வங்கியில் சேமிப்பாகவும் மூன்று மாத வைப்பாகவும் வைத்தோம், அடுத்த தவணைக் கட்டணங்களுக்கு அது வேண்டுமே.

2023 ஜூன் இறுதியில் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு என்ற செய்தி வந்தது. ஹஜ் பெருநாள், விசேட வங்கி விடுமுறை, சனி, ஞாயிறு, போயா என்று ஐந்து நாள் வங்கிகள் மூடியிருந்தன. அந்த ஐந்து நாளும் குழுவில் ஒருவருக்கும் சரியான தூக்கம் இல்லை. பிறகு, மக்கள் வாங்கிய திறைசேரி உண்டியல்களில் கைவைக்கவில்லை என்று தெரிந்தது. நவம்பரில் முதலும் வட்டியும் முழுதாக வந்தது. அதற்குள் விலைவாசி ஏற்றம் ஒற்றை இலக்கத்துக்கு இறங்கிவிட்டிருந்தது. அந்த வட்டியில் மூன்று பிள்ளைகள் உயர்தரம் படித்தார்கள்.

அதன் பிறகு வந்த கேள்வி, "ஏன் முழுவதையும் போடவில்லை?" போட்டிருந்தால் ஒன்பது பிள்ளைகள் படித்திருப்பார்கள் என்று ஒரு அக்கா எழுதியிருந்தார். கணக்குச் சரி. ஆனால் அந்த ஜூன் மாதத்து ஐந்து நாளில் தீர்ப்பு மறுபக்கம் விழுந்திருந்தால் விடுதியிலிருந்து மூட்டை கட்டியிருப்பது நாங்கள் அல்ல. எங்கள் சொந்தக் காசாக இருந்திருந்தால் இன்னும் துணிந்திருப்போம். துணிந்தும் இருக்கிறோம், எங்களில் இருவர் தங்கள் காசை முழுவதும் போட்டு நன்றாகவே சம்பாதித்தார்கள். பெயர் சொல்ல வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்கள்.

இப்போது இன்னொரு பிரேரணை வந்திருக்கிறது. கொழும்புப் பங்குச் சந்தை 2024 முடிவிலிருந்து நன்றாக ஏறிவிட்டது, நிதியை அங்கே மாற்றுங்கள் என்கிறார்கள். எல்லோரும் வாங்குகிறார்கள் என்பதற்காகவே மறுத்துவிடவும் நாங்கள் தயாரில்லை. கூட்டம் போகிற வழி சில வேளை சரியான வழியாகவும் இருக்கும். எந்தக் கம்பனி, அதன் வருமானம் எங்கிருந்து, எத்தனை வருடம் காத்திருக்க முடியும் என்று பிரேரித்தவர்களிடம் எழுத்தில் கேட்டிருக்கிறோம். அனுமதித்தாலும் நிதியில் பத்தில் ஒன்றுக்கு மேல் வேண்டாம் என்பது எங்கள் பரிந்துரை.

மாலைப் பொதுக்கூட்டத்தில் வாக்கெடுப்பு. தேநீர் முடிந்ததும் தயவுசெய்து வீட்டுக்குப் போய்விடாதீர்கள்.